பழைய வேனுக்கு செகண்ட் ஹேண்ட் கண்ணாடி ரெகுலேட்டர் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வண்டிகளுக்கு டோர் வேலையும் எலக்ட்ரிக்கல் வேலையும் பார்க்கும் பட்டறை எங்களுடையது. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் வேன், பள்ளிக்கூட வேன், ஒகேனக்கல் டிரிப் அடிக்கும் டிராவலர் என்று எது வந்தாலும் கண்ணாடி பற்றிய சந்தேகம் மட்டும் மாறுவதே இல்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வரியில் என் பதில்: உங்கள் டோரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஏன் என்பது படித்தால் தெரியும்.

ரெகுலேட்டர்னா எதுங்க? மோட்டாரும் சேர்த்தா?

டோருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்பு அமைப்புதான் ரெகுலேட்டர். கடைகளில் விண்டோ மெஷின், கண்ணாடி மெஷின் என்றும் சொல்வார்கள். கையால் சுற்றும் வண்டியில் ஹேண்டில் நேராக இதில்தான் மாட்டியிருக்கும். பவர் விண்டோ வண்டியில் ஹேண்டிலுக்குப் பதில் மோட்டார் இருக்கும்.

மோட்டார் சேர்த்துத் தருகிறார்களா, தனியா என்பது கடைக்குக் கடை மாறும். ஒரே பெயரைச் சொல்லி இரண்டு கடையில் இரண்டு விலை கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். "மோட்டாரோடவா, மோட்டார் இல்லாமலா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கண்ணாடி இறங்கலைனா ரெகுலேட்டர் போச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்த அவசரத்தில்தான் பணம் வீணாகிறது. சுவிட்சை அழுத்தினால் சத்தமே வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச், அப்புறம் வயர். டோருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகும். டோரைத் திறந்து மூடித் திறந்து மூடி, பல வருஷத்தில் வயர் அதற்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே ரப்பர் நன்றாகத்தான் தெரியும். டோரைப் பாதி திறந்து வைத்துச் சுவிட்சை அழுத்தும்போது மட்டும் கண்ணாடி அசைந்தால் கோளாறு அங்கேதான்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லை என்றால் கேபிளோ பல்லோ போயிருக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் அதைத் தாங்கி ஓடும் ஸ்லைடரோ ரோலரோ உடைந்திருக்கும். கை ஹேண்டில் சும்மாவே சுற்றினால் முதலில் ஹேண்டிலைக் கழற்றி, உள்ளே இருக்கும் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்தது ஹேண்டில் மட்டும் என்றால் சின்னச் செலவோடு முடிந்தது.

கண்ணாடி ஏறுகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் சேனல் ரப்பரில், அதாவது கண்ணாடி ஓடும் பள்ளத்து ரப்பரில், அழுக்கு. நம் பக்கம் கிரானைட் குவாரி ரோட்டில் ஓடும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த வெள்ளைத் தூள் ரப்பருக்குள் இறங்கி, மழை ஈரம் பட்டு இறுகிவிடும். இதற்கு ரெகுலேட்டர் மாற்றினால் புதிதாக மாட்டியதும் அதே பாரத்தை இழுத்துச் சீக்கிரம் போய்விடும்.

எங்க வண்டியில என்ன டைப் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

டோரின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினால் தெரிந்துவிடும். இரண்டு இரும்புக் கை குறுக்கே போட்டு, அரை வட்டப் பல் சக்கரத்தோடு இருந்தால் கத்தரி டைப். ஒரே கை மட்டும் இருப்பதும் உண்டு. அதையும் அந்த வகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய கம்பி கேபிள், பிளாஸ்டிக் கப்பி, நேரான தண்டவாளம் இருந்தால் கேபிள் டைப்.

இரண்டில் எது என்பதை வைத்துத்தான் பழையது வாங்கலாமா வேண்டாமா என்றே முடிவு செய்ய வேண்டும்.

புதுசே வாங்கிடலாமா, இல்ல பழசு போதுமா?

கத்தரி டைப் என்றால் பழையதைத் தயங்காமல் வாங்குங்கள். எல்லாம் கனமான தகடு. பல்லும் ரோலரும் நன்றாக இருந்தால் இன்னும் பல வருஷம் வரும். கேபிள் டைப் என்றால் பழையது வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கேபிளும் பிளாஸ்டிக்கும் வயதாகித்தான் போகின்றன. உங்களுடையது போன அதே வயதில்தான் கடையில் இருப்பதும் இருக்கும். புதியது எங்குமே கிடைக்காத வண்டிக்கு மட்டும் இதில் விதிவிலக்கு.

வண்டியையும் பார்க்க வேண்டும். ஆம்னியின் தயாரிப்பு 2019-ல் நின்றாலும் ஓடும் வண்டி ஏராளம். அதற்கும் ஈகோவுக்கும் புதிய லோக்கல் சாமான் எளிதாகக் கிடைக்கும், பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை. குவாலிஸ் 2005-லேயே நின்றது. டவேராவை விற்ற செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. பழைய டிராவலர், பழைய சுமோ என்று இந்த மாதிரி வண்டிகளுக்குத்தான் பழைய பார்ட்ஸ் கடை உண்மையில் கை கொடுக்கும்.

வண்டி பேரும் வருஷமும் சொன்னா போதும்ல?

போதாது. ஒரே பெயரில் பல வருஷம் ஓடிய வண்டிக்குள் டோர் மாறியிருக்கும், கை சுற்றும் மாடல், பவர் மாடல் என்று பிரிவு இருக்கும், சப்ளை செய்த கம்பெனி மாறியிருக்கும். இன்னொன்று: எல்லோரும் சொல்வது பதிவு செய்த வருஷத்தை. பார்ட்ஸுக்கு வேண்டியது தயாரித்த மாதமும் வருஷமும். அது ஆர்.சி. புத்தகத்தில் தனியாக இருக்கும். டிசம்பரில் தயாரித்து அடுத்த வருஷம் பதிவான வண்டிகள் நிறைய உண்டு. மாடல் மாறிய சமயமாக இருந்தால் அந்த ஒரு மாத வித்தியாசமே சாமானை மாற்றிவிடும்.

கம்பெனிப் பெயரும் குழப்பும். பஜாஜ் டெம்போ 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. பழைய டிராவலர் சாமானில் பழைய பெயர் இருந்தால் அதை டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பார்ட் நம்பர் பார்த்து வாங்கினா தப்பே வராதா?

நம்பர் தெரிந்தால் ரொம்ப நல்லது, ஆனால் பழைய சாமானில் ஸ்டிக்கர் உரிந்திருக்கும். தகட்டில் குத்தியிருந்தால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். டொயோட்டா வண்டிகளில் முன் வலது ரெகுலேட்டர் 69801 என்றும் முன் இடது 69802 என்றும் தொடங்கும். எண்ணின் நடுவில் உள்ள கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் எந்த வண்டி, எந்த மாடல் என்பதைச் சொல்லும். முன் பாதி சரியாக இருக்கிறது என்று மட்டும் வாங்கினால் வேறு வண்டியின் சாமான் வந்து சேரும். மற்ற கம்பெனிகளின் எண் முறை வேறு, டொயோட்டா கணக்கை அங்கே போடாதீர்கள்.

நம்பர் சேர்ந்தாலும் உங்கள் பழையதோடு வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

ஆம்னிக்கு ஈகோவோடது சேரும்னு கடைக்காரர் சொல்றாரே?

சேராது. இரண்டும் மாருதி என்பதைத் தவிர டோரில் ஒற்றுமை இல்லை. 2010-ல் வந்த ஈகோ, வெர்சாவின் உடம்பில் இருந்து வந்தது. ஆம்னி 1984-ல் வந்த மாருதி வேனின் வழி. ஈகோவுக்கு வெர்சாவினுடையது சேருமா என்று கேட்டால் அது அர்த்தமுள்ள கேள்வி. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆம்னி சைடு டோருக்கு ரெகுலேட்டர் கிடைக்குமா?

அந்தத் தள்ளு டோரில் ரெகுலேட்டரே கிடையாது. கண்ணாடி பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. உங்களுக்கு வேண்டியது கண்ணாடி லாக்கோ, அது ஓடும் சேனலோதான்.

டிரைவர் சைடு கிடைக்கலண்ணா. லெஃப்ட் இருக்கு, திருப்பி மாட்டிக்கலாமா?

முடியாது தம்பி. இடது கால் செருப்பை வலது காலுக்குப் போடுவது மாதிரிதான். திருப்பினால் மோட்டார் கண்ணாடிப் பக்கம் வந்துவிடும், இல்லாவிட்டால் இரும்புக் கை எதிர்ப்பக்கம் நீளும். போனில் கேட்கும்போது "லெஃப்ட், ரைட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. "டிரைவர் சைடு முன் டோர்" என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

நம்ம ஊர்ல கிடைக்காட்டி எங்க போறது?

முதலில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வண்டி உடைக்கும் காயலான் கடைகளில் கேளுங்கள். டோரோடு தொங்கும் சாமானை நீங்களே பார்த்துக் கழற்றச் சொல்லலாம். அதைவிட வசதி வேறு எதுவும் இல்லை. இல்லாவிட்டால் கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். பழைய சாமானுக்குச் சிவாஜி நகர், புதிய ஸ்பேருக்கு ஜே.சி. ரோடு. தமிழிலேயே பேசி வாங்கலாம். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் இன்னும் பக்கம். கடைசியாக, சென்னைப் புதுப்பேட்டை. பழைய சாமானுக்குப் பேர் போன இடம், ஆனால் போகவர ஒரு நாள் போய்விடும்.

அவ்வளவு தூரம் போவதென்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய சாமானை ஒரு சாக்குப் பையில் போட்டு பஸ் ஏறுங்கள்.

போட்டோ அனுப்பினா போதும், பார்சல்ல போட்டுடறேங்கிறாங்க. நம்பலாமா?

சரியாக எடுத்தால் போட்டோவிலும் வேலை நடக்கும். உங்களுடையதைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிரித்து வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிறகு திருப்பிப் போட்டு ஒன்று, மோட்டார் கப்ளரை (வயர் சொருகும் பிளக்கை) நெருக்கத்தில் ஒன்று. அவர்களையும் அதே மாதிரி டேப் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போல்ட் ஓட்டைக்கும் போல்ட் ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் முக்கியம். இரும்புக் கை நீளம் கொஞ்சம் மாறினால்கூடக் கண்ணாடி மேலே முழுதாகப் போய் உட்காராது.

சேராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு, அந்தப் பதிலைப் பில்லிலோ மெசேஜிலோ எழுத்தாக வாங்கி வையுங்கள்.

கடையில கையில எடுத்துட்டு எதைப் பார்க்கணும்?

கத்தரி டைப்பில் அரை வட்டப் பல்லின் நடுப்பகுதியைப் பாருங்கள். கண்ணாடி பெரும்பாலும் பாதி உயரத்தில்தான் ஏறி இறங்கும், அதனால் ஓரத்துப் பற்கள் புதிதாக இருக்க, நடுப் பற்கள் மட்டும் கூராகத் தேய்ந்து நிற்கும். ஓரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அப்புறம் ரோலரைப் பிடித்து ஆட்டுங்கள், கைகள் சேரும் ரிவெட்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இரும்புக் கையை நீளவாக்கில் கண் அளவில் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரியும். மோதிய வண்டியின் டோரில் இருந்து வந்ததென்றால் வளைந்திருக்கலாம்.

கேபிள் டைப்தான் வேறு வழியில்லாமல் வாங்குகிறீர்கள் என்றால், கேபிள் கப்பியில் வளையும் இடத்தில் ஒரு துணியை வைத்து உருவுங்கள். துணி மாட்டினால் கம்பி இழை பிரிந்து முள்ளாக நிற்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். ஸ்லைடர் பிளாஸ்டிக் மஞ்சளித்துக் கீறல் விட்டிருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, பாடியில் ரிவெட் அடித்த வகை என்றால், கழற்றும்போது டிரில் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறார்களா பாருங்கள். பெரிதான ஓட்டையில் ரிவெட் நிற்காது.

மோட்டார் நல்லா இருக்கான்னு அங்கேயே டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும், பண்ணாமல் வாங்கக் கூடாது. இரண்டு வயர் மோட்டார் என்றால் 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையையும் வைத்தால் ஒரு பக்கம் ஓடும், முனையை மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் ஓடும். மேலிருந்து கீழ் வரைக்கும், கீழிருந்து மேல் வரைக்கும் முழுதாக ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே பல் போயிருக்கிறது. ஓடும்போது விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

கப்ளர் பின்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டியின் மோட்டார். இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு நிற்கும்.

ரெகுலேட்டர் நல்லாதான் இருக்கு. மோட்டாரை மட்டும் மாத்தினா போதாதா?

போதும், செலவும் குறையும். ஆனால் இந்தப் பதிலைக் கவனமாகப் படியுங்கள். கத்தரி டைப்பில் கண்ணாடியின் பாரத்தைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே மோட்டாரின் பல்தான். ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் போல்ட்டை எடுத்தால், இரும்புக் கை ஒரே வீச்சில் சுழன்று விரலை நசுக்கிவிடும். முதலில் பல் சக்கரத்தையும் அடித் தகட்டையும் சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். அதற்கு அப்புறம்தான் மோட்டாரில் கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

கப்ளர் சேரலை. வயரை வெட்டி ஒட்டிக்கலாமா?

இரண்டு வயர், இரண்டு வயர் என்றால் ஒட்டலாம். உங்கள் பழைய மோட்டாரின் கப்ளரை வயரோடு வெட்டி, வாங்கியதில் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு மூடுங்கள். டோருக்குள் தண்ணீர் இறங்கும், வெறும் டேப் சுற்றினால் பிரிந்துவிடும். மாட்டியபின் கண்ணாடி தலைகீழாக வேலை செய்தால் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரி.

ஒன்றில் இரண்டு வயர், மற்றதில் அதைவிட அதிகம் என்றால் வாங்காதீர்கள். ஒரே அழுத்தில் முழுதாக இறங்கும் வசதியுள்ள மோட்டார்களில் கூடுதல் வயர் இருக்கும், அது தன் சுவிட்சோடுதான் பேசும். இன்னொன்று, கப்ளரை வெட்டிய பிறகு எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார். போல்ட் ஓட்டை சேருகிறதா என்று டோரில் வைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: புதியது கிடைக்கும் வண்டி என்றால் அதன் விலையில் பாதிக்கு மேல் பழையதற்குக் கொடுக்க மாட்டேன். புதியதே இல்லாத வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே சாமான் நிலைமைதான் விலை. பேரம் பேசுங்கள், ஆனால் டெஸ்ட் பண்ண விடும் கடைக்கு நூறு இருநூறு கூடக் கொடுப்பதில் தப்பில்லை.

திருட்டுச் சாமானா இருந்தா நாம மாட்டிக்குவோமா?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் குற்றம். அதனால் கடை வைத்து வியாபாரம் செய்கிறவரிடம் வாங்குங்கள், வண்டி மாடல் எழுதிய பில் கேளுங்கள். எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். ரோட்டோரத்தில் பையில் வைத்து விற்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கை சுத்தறதை எடுத்துட்டு பவர் விண்டோ ரெகுலேட்டர் போட்டுக்கலாமா?

அதே வண்டியின் பவர் மாடல் டோரில் இருந்து ரெகுலேட்டர், மோட்டார், சுவிட்ச், வயரிங் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்தால் யோசிக்கலாம். டோர் தகட்டில் போல்ட் ஓட்டைகள் இருக்கின்றனவா பார்க்க வேண்டும். ஃபியூஸும் ரிலேயும் வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். ஸ்டீரியோ லைனில் இருந்தோ லைட்டர் லைனில் இருந்தோ கரண்ட் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், வயர் சூடாகி எரியும்.

சரக்கு ஏற்றும் வேனுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. கை ஹேண்டில் பேட்டரி இறங்கினாலும் வேலை செய்யும்.

மாட்டும்போது கண்ணாடி உடையாம எப்படி?

கண்ணாடியை முழுதாக மேலே தூக்கி, டோர் ஃபிரேமுக்கு மேலாக அகல டேப்பை உள்ளும் வெளியும் இழுத்து ஒட்டிவிட்டுத்தான் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும். பக்கக் கண்ணாடி டஃபன் செய்தது, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் சின்னதாக அடிபட்டாலும் மொத்தமும் பொடியாகக் கொட்டும். கண்ணாடி பிடிக்கும் போல்ட்டைக் கடைசி வரை இறுக்காமல் விட்டு, ஒரு முறை ஏற்றி இறக்கி, கண்ணாடி தானாக நேரான பிறகு இறுக்குங்கள்.

மாட்டியாச்சு, இப்பவும் கண்ணாடி கனமாதான் ஏறுது. பழசு வாங்கினதாலயா?

பழி ரெகுலேட்டர் மேல் போடுவதற்கு முன் சேனலைப் பாருங்கள், மேலே சொன்ன தூள் கதைதான். ஈரத் துணியைச் சப்பையான குச்சியில் சுற்றிச் சேனல் முழுக்கத் தேய்த்து எடுத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் எதுவும் ரப்பரில் படக் கூடாது. ரப்பர் ஊதி, இன்னும் இறுகிப் பிடிக்கும். கிரீஸ் இரும்புப் பல்லுக்கும் ரோலருக்கும் மட்டும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் சேனல் ரப்பரையே மாற்றுங்கள். ரப்பர் மட்டும் எப்போதும் புதியதாகவே வாங்குங்கள்.

ரெகுலேட்டர் மாத்தினதுல இருந்து மழை பெஞ்சா டோர் பேட் நனையுது. ஏன்?

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். கண்ணாடி வழியாக டோருக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அந்த ஷீட்தான் அதை உள்ளே வரவிடாமல் கீழே இறக்கும். கனமான பாலித்தீன் ஷீட்டை அளவாக வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து ஒட்டி, கீழ் ஓரத்தை டோருக்குள் போகும்படி மடித்து விடுங்கள்.

அப்படியே டோரின் அடியில் இருக்கும் சிறு ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். அங்கே மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே நின்று, வாங்கி மாட்டிய ரெகுலேட்டரின் அடித் தகடும் டோரும் சேர்ந்து துருப்பிடிக்கும்.